மோடமா, ரவுட்டரா, வைஃபையா? வீட்டு இணைய இணைப்பின் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் இணையம் நின்றுவிட்டால் சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைக்கிறோம். மறுமுனையில் இருப்பவர், "எல்ஓஎஸ் விளக்கு எரிகிறதா? பான் விளக்கு நிலையாக இருக்கிறதா? லேன் வயரில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று அடுக்குகிறார். நம் கையில் இருப்பதோ "வைஃபை வேலை செய்யவில்லை" என்ற ஒரே வாக்கியம். அக்கம்பக்கத்திலும் உறவினர் வீடுகளிலும் இந்தப் பெட்டிகளைச் சரிபார்த்துக் கொடுத்துப் பழகியதில் நான் கண்டது இதுதான்: பழுது சிறியதாக இருக்கும், அதன் பெயர் தெரியாததால்தான் வீடு இரண்டு நாள் இணையம் இல்லாமல் கிடக்கும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

வைஃபை, இணையம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மற்ற எல்லாச் சொற்களையும்விட இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் கைப்பேசிக்கும் வீட்டிலிருக்கும் பெட்டிக்கும் இடையே, கம்பி இல்லாமல், வானொலி அலைகளின் வழியே நடக்கும் பேச்சுதான் வைஃபை. அந்தப் பெட்டியிலிருந்து கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து நிறுவனத்தின் நிலையத்துக்கும், அங்கிருந்து உலகத்துக்கும் போவது இணைய இணைப்பு. தெருவில் வரும் நகராட்சிக் குழாயும் வீட்டுக்குள் ஓடும் குழாயும் போல என்று வைத்துக்கொள்ளலாம். தெருக்குழாயில் தண்ணீர் வராதபோது சமையலறைக் குழாயைத் திருகிப் பயன் இல்லை.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. கைப்பேசியில் வைஃபை குறி நிறைய இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் வெளியே. வயர் வழியாக இணைத்த தொலைக்காட்சியில் படம் ஓடுகிறது, கைப்பேசியில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால், கோளாறு வைஃபையில்.

மோடம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டிச் செய்த பெயர். மேல்நிலைப் பள்ளி இயற்பியல் பாடநூலில் "பண்பேற்றம்", "பண்பிறக்கம்" என்று படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கணினி அறிந்தது 0, 1 என்ற இரண்டு குறிகளை. தொலைபேசிக் கம்பி அறிந்ததோ குரலை. கணினியின் குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் ஏற்றுவதும், வந்த ஒலியை மீண்டும் குறிகளாக இறக்குவதும் மோடத்தின் வேலை.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, சென்னை போன்ற பெருநகரங்களில் இப்படித்தான் இணைந்தார்கள். எண்ணைச் சுழற்றியதும் மோடம் கீச்சிட்டு இரைந்து மறுமுனை மோடத்தோடு ஒப்பந்தம் பேசும்; அந்த ஓசை அக்காலத்தவர் காதில் இன்றும் இருக்கும். இணையத்தில் இருக்கும்வரை வீட்டுக்குத் தொலைபேசி வராது. வேறு அறையில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். அந்த வகை மோடங்கள் கடைசியாக எட்டிய உச்சம் நொடிக்கு 56 கிலோபிட். 5 எம்பி அளவுள்ள ஒரு பாட்டு இறங்க, எல்லாம் சரியாக இருந்தாலும், சுமார் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

பிறகு அதே செம்புக் கம்பியில் பேச்சுக்கு ஓர் அலைவரிசை, இணையத்துக்கு வேறோர் அலைவரிசை என்று பிரித்துக் கொடுத்த ஏடிஎஸ்எல் வந்தது. பிஎஸ்என்எல் 2005இல் அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 2004ஆம் ஆண்டின் அரசுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது "பிராட்பேண்ட்". 2023இல் அந்தக் கீழ்வரம்பு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது.

இப்போது என் வீட்டில் இருக்கும் பெட்டி மோடமா, ரவுட்டரா?

கண்ணாடி இழை இணைப்பு என்றால், அந்த ஒரே பெட்டிக்குள் நான்கு பேர் குடியிருக்கிறார்கள்.

முதலாமவர் ஓஎன்டி. இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுபவர். பழைய மோடத்தின் இடத்தில் இருப்பவர் இவரே. இரண்டாமவர் ரவுட்டர். எந்தத் தகவல் எந்தக் கருவிக்குப் போகவேண்டும் என்று வழி பிரித்து அனுப்புபவர். தமிழில் "திசைவி" என்று எழுதுகிறார்கள்; எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் அது ஒன்று, வேலை பெயரிலேயே தெரிகிறது. மூன்றாமவர் சுவிட்ச், பெட்டியின் பின்புறம் வரிசையாக இருக்கும் லேன் துளைகள் அவருடையவை. நான்காமவர் வைஃபை அணுகுமுனை. ஆன்டெனாக்கள் அவருடைய கைகள்.

எனவே "மோடம்" என்றாலும் "ரவுட்டர்" என்றாலும் பேச்சு வழக்கில் தவறில்லை. ஆனால் கடைக்குப் போய் "ரவுட்டர்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால், அதில் இழையைச் செருக இடமே இருக்காது. அது ஓஎன்டிக்குப் பின்னால் மாட்ட வேண்டிய பெட்டி.

லேன், வேன் என்கிறார்களே?

லேன் என்பது வீட்டுக்குள் இருக்கும் வலையமைப்பு. வேன் என்பது வெளியே விரியும் வலையமைப்பு. தனி ரவுட்டரில் ஒரு துளைக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்திருப்பார்கள். அது வேன் துளை, வெளியிலிருந்து வரும் வயர் அதில்தான் செருகப்பட வேண்டும். இடம் மாற்றிச் செருகியதால் "புது ரவுட்டர் பழுது" என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் எரியும் விளக்குகள் என்ன சொல்கின்றன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பாதிப் பழுதுகளை இந்த விளக்குகளே காட்டிக்கொடுத்துவிடும்.

பவர் விளக்கு மின்சாரத்துக்கு. பான் விளக்கு பச்சையில் நிலையாக நின்றால் நிறுவனத்தின் நிலையத்தோடு பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. விட்டுவிட்டு எரிந்தால் பேச முயன்றுகொண்டிருக்கிறது. எல்ஓஎஸ் விளக்கு எரியாமல் இருப்பதே நல்லது. அது சிவப்பாக மின்னினால் இழையில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதாலும் கைப்பேசியை அணைத்து எழுப்புவதாலும் எதுவும் ஆகப்போவதில்லை.

ஒரு பொங்கலுக்கு முன், வெள்ளையடித்து முடித்த ஒரு வீட்டில் இந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். பெட்டியை மூன்று முறை அணைத்துப் போட்டிருந்தார்கள். பின்னால் வந்த மஞ்சள் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். நகர்த்தி வைத்த பீரோவின் பின்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் அது மடங்கி நசுங்கியிருந்தது. பீரோவை நான்கு விரல் முன்னால் இழுத்ததும் வயர் தளர்ந்தது, சிவப்பு அணைந்தது, ஒரு நிமிடத்தில் பான் விளக்கு பச்சையாகி நின்றது.

அந்த மஞ்சள் வயருக்குள் இருப்பது கண்ணாடி. ஒளி ஓடும் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ 9 மைக்ரான். நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடித்தது. கண்ணாடி உடைந்தால்தான் ஒளி நிற்கும் என்பதில்லை, அளவுக்கு மீறி வளைந்தாலே ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். டீ டம்ளரின் வாயைவிட இறுக்கமாகச் சுற்றாதீர்கள், ஆணி அடித்துக் கட்டாதீர்கள். இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

டெக்னீஷியன் "பவர் 22 இருக்கிறது" என்கிறார். அது என்ன?

இழையில் வந்து சேரும் ஒளியின் வலிமை. டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு அளப்பார்கள். பேச்சில் அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடுகிறார்கள். −22 என்பது நல்ல அளவு. −27ஐத் தாண்டிக் கீழே போனால் இணைப்பு தடுமாறத் தொடங்கும். இந்த அளவில் ஒவ்வொரு 3 குறையும்போதும் வலிமை பாதியாகிறது. 19இலிருந்து 25க்குப் போனால் ஏதோ ஆறு குறைந்தது என்று எண்ண வேண்டாம், ஒளி நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

ரீஸ்டார்ட், ரீசெட் இரண்டும் ஒன்றா?

தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். ரீஸ்டார்ட் என்பது சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் போடுவது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ரீசெட் என்பது பெட்டியின் பின்னால் ஊசித்துளைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடிப்பது. அது பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்கே கொண்டுபோய்விடும். உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அழியும். அதைவிடப் பெரிய இழப்பு, பல இணைப்புகளில் நிறுவனம் உள்ளே பதித்து வைத்திருக்கும் பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து அழிவது. அவை இல்லாமல் நிலையம் உங்களை உள்ளே விடாது. பிறகு ஆள் வந்துதான் போட வேண்டும். இணைப்புக் கொடுக்க வந்த நாளிலேயே அந்த இரண்டையும் கேட்டு வாங்கி, பெட்டியின் அடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஐபி முகவரி என்பது என்ன? எல்லார் வீட்டிலும் 192.168 என்றே தொடங்குகிறதே?

வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் அது. ஐபிவி4 முறையில் இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. உலக மக்கள்தொகையைவிடக் குறைவு. ஆகவே வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்த என்று சில எண்களை 1990களில் ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்குபவை அவற்றில் ஒரு பகுதி. ஊரில் எத்தனை விடுதிகள் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் 101ஆம் எண் அறை இருக்கிறது அல்லவா, அதைப் போலத்தான்.

வெளியுலகத்துக்கு உங்கள் வீடு முழுவதும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். எந்தக் கருவி எதைக் கேட்டது என்று குறித்துவைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கும் வேலையை ரவுட்டர் செய்கிறது. அதன் பெயர் நாட். அடுக்ககத்துக் காவலாளி எல்லார் பார்சலையும் வாசலில் வாங்கி, வீடு பார்த்துக் கொடுப்பதைப் போன்றது. இப்போது பல நிறுவனங்கள் இதே வேலையைத் தங்கள் பக்கத்திலும் ஒருமுறை செய்து, ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து நேராக எட்ட முடியாமல் போவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

வீட்டுக்குள் எண்களைப் பங்கிட்டுக் கொடுப்பது டிஎச்சிபி. உங்கள் கணினி 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால், கேட்டுக் கேட்டு யாரும் எண் கொடுக்காததால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

மேக் முகவரி?

கருவியின் நெட்வொர்க் சில்லில் தயாரிப்பாளர் பதிக்கும் பன்னிரண்டு இலக்க எண். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து வரும். ஐபி முகவரி வாடகை வீட்டு எண், இது பிறவி மச்சம். இன்றைய கைப்பேசிகள் பின்தொடரப்படாமல் இருக்க ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. பிள்ளைகளின் கைப்பேசியை ரவுட்டரில் நேரக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

டிஎன்எஸ்?

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைத் தேடித்தரும் பெயரேடு. 1983 முதல் இருக்கிறது. இணைப்பு இருந்தும் எந்தத் தளமும் திறக்காதபோது சில நேரம் குற்றவாளி இதுவே. அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்; முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃப்ளேருடையது.

2.4, 5 என்று இரண்டு வைஃபை பெயர்கள் தெரிகின்றன. எதில் இணைவது?

இரண்டும் அலைவரிசைகள், கிகாஹெர்ட்ஸ் கணக்கில். கைப்பேசி நிறுவனங்களின் 4ஜி, 5ஜியோடு இந்த 5க்கு எந்த உறவும் இல்லை.

திருவிழா நாளில் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி நின்றால் பாடகரின் சொற்கள் கேட்காது. மேளத்தின் அடிக்குரல் மட்டும் சுவர்களைத் தாண்டி நெஞ்சில் வந்து இடிக்கும். தாழ்ந்த அலை தூரம் போகும். 2.4இன் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அது சுவர்களைத் தாண்டும், ஆனால் அதில் இடம் குறைவு, வேகமும் குறைவு. 5இன் அலைநீளம் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர். வேகம் அதிகம், இரண்டு கான்கிரீட் சுவர்களுக்குள் சோர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் 5, தூரத்து அறையில் 2.4.

2.4இல் நெரிசல் ஒரு தனித் துன்பம். இந்தியாவில் அதில் 13 சேனல்கள் இருக்கின்றன, ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதவை. இருபது வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இந்த மூன்றைத்தான் எல்லாரும் பங்கிட வேண்டியிருக்கிறது. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. சோறு சூடாகும் இரண்டு நிமிடம் வீடியோ அழைப்பு திக்குவது இதனால்தான்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில். அழகுக்காக அலமாரிக்குள் பூட்டி வைப்பதும், இரும்பு பீரோவின் மறைவில் வைப்பதும், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வைப்பதும் அலையைக் கட்டிப்போடுவதற்குச் சமம். இரும்பு அலையைத் திருப்பி அனுப்புகிறது, தண்ணீர் விழுங்கிவிடுகிறது.

100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். பதிவிறக்கம் 12 என்றுதானே காட்டுகிறது? ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று இல்லை, அலகு வேறு. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட். கோப்பின் அளவும் பதிவிறக்கப் பெட்டி காட்டும் எண்ணும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. ஆக, 12 வருகிறது என்றால் முழு வேகமும் வருகிறது.

கூடவே பிங் என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம் அது, மில்லி நொடியில். வேகம் எவ்வளவு இருந்தாலும் பிங் கூடினால் அழைப்பில் குரல்கள் மோதிக்கொள்ளும், விளையாட்டு தாமதிக்கும்.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், வையுங்கள். அந்தப் பெயருக்கு எஸ்எஸ்ஐடி என்று பெயர். அதன் நீளம் 32 பைட் வரை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும்; தமிழில் எழுத்துக்கும் புள்ளிக்கும் துணைக்குறிக்கும் தனித்தனியே 3 பைட். "எங்கள் வீடு" என்பது இடைவெளியையும் சேர்த்துச் சரியாக 31 பைட், மட்டுமட்டாக இடம்பெறும். "எங்கள் இல்லம்" 37 பைட், இடம்பெறாது. சில ரவுட்டர்களின் அமைப்புப் பக்கம் தமிழ் எழுத்துகளை ஏற்காது. அது அந்த மென்பொருளின் குறை.

கடவுச்சொல் பக்கத்தில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்கிறதே?

காற்றில் போகும் தகவலைப் பூட்டும் முறைகள். எல்லாக் கருவிகளும் ஏற்றுக்கொண்டால் 3. பழைய கருவி ஏதாவது முரண்டு பிடித்தால் 2. டபிள்யூஇபி என்ற பழைய முறை 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது, அதைத் தொடவே வேண்டாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்டு இலக்க ரகசிய எண்ணைக் கொடுத்து இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் வடிவமைப்புக் குறையால் அதிகபட்சம் 11,000 முறை முயன்றால் போதும், கதவு திறந்துவிடும் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது. கைப்பேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பதும் கதவைத் திறந்து வைப்பதுதான்.

மாடியில் சிக்னல் வரவில்லை. ரிப்பீட்டரா, மெஷ்ஷா?

ரிப்பீட்டர் என்பது ரவுட்டரின் அலையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பெட்டி. விலை குறைவு, ஆனால் கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகும். மெஷ் என்பது ஒரே பெயரில் கூடிப் பேசும் பல பெட்டிகள். வீட்டுக்குள் நடக்கும்போது கைப்பேசி தானாக அருகிலுள்ள பெட்டிக்கு மாறும். நல்லதுதான், செலவு கூடும்.

முடிந்தால் ஒரு லேன் வயரை மாடிக்கு இழுத்து, அங்கே ஓர் அணுகுமுனையை மாட்டுங்கள் என்பதே என் பரிந்துரை. கேட் 5இ வகை வயர் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட்டைத் தாங்கும். முனையில் எட்டு மெல்லிய கம்பிகள் வண்ணவாரியாக இருக்கும். 1 கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அவற்றில் ஒன்று சரியாகக் கடிக்காவிட்டாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். "300 எம்பிபிஎஸ் திட்டம், கணினியில் 95ஐத் தாண்டவே இல்லை" என்ற புகாரோடு வந்த பல வீடுகளில் நான் முதலில் மாற்றியது அந்த முனையைத்தான்.

சிம் போடும் வைஃபை பெட்டியும் மோடம்தானா?

ஆம். அங்கே இழைக்குப் பதில் கைப்பேசிக் கோபுரம். டாங்கிள், ஹாட்ஸ்பாட், மாடியில் ஆன்டெனா மாட்டும் 5ஜி வீட்டு இணைப்பு எல்லாம் இந்தக் குடும்பமே. வீட்டுக்குள் வரும் வைஃபை அதேதான். வெளிப்பாதை மட்டும் வேறு.

மின்சாரம் போனால் இணையமும் போகத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. இழைக்கு வழியில் மின்சாரமே தேவையில்லை. கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் வெறும் கண்ணாடி. ஒரே ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்து அனுப்புகிறது. நிறுவனத்தின் நிலையத்தில் பேட்டரி ஓடுகிறது என்றால், மின்வெட்டில் நின்றுபோவது உங்கள் பெட்டி மட்டும்தான். அதற்கென்று கையகல மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரைத் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படித்துக்கொண்டு போங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட்; சில 9 வோல்ட், 5 வோல்ட். வோல்ட் மாறினால் பெட்டி எரிந்துபோகலாம். ஆம்பியர், அடாப்டரில் உள்ள அளவாவது இருக்க வேண்டும்; கூடுதலாக இருந்தால் தவறில்லை.